ஒட்டுபவளின் இடப்பக்க முகம்

2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு, இறந்து முப்பத்தோராண்டு ஆன என் மகள் கிலேன், எங்கள் ஊர் நூலகத்தின் சுவரில் வேலை பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். அவளை வேலைக்கு அமர்த்தியவர்கள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. என் முறையீடு இதுதான். இதை நகராட்சிக்கு எழுதினேன், பதிப்பகத்துக்கும் எழுதினேன். இரு தரப்பினரும் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். ஒருவரும் எதையும் திருப்பித் தரவில்லை. ஆகவே இப்போது பொதுமக்களாகிய உங்களுக்கு எழுதுகிறேன்.

என் பெயர் ஃபிர்மேன் வோத்தியே. மோஸ் ஆற்றங்கரையில் உள்ள வோ-லெ-ஃபூர் என்னும் இவ்வூரில் முப்பத்தாறு ஆண்டுகள் பிரெஞ்சு மொழி கற்பித்தேன். சுரங்கம் மூடப்பட்டதையும் ஊதுலை அணைந்ததையும் பள்ளியின் சன்னல் வழியாகப் பார்த்தவன். நூலகர் கொலெத் பியெரார் என்னிடம் படித்தவள். எங்கள் ஊரை வைத்து ஒரு சித்திர நாவல் வெளிவந்திருக்கிறதென்றும், அதன் உலகம் எப்படி வடிவமைக்கப்பட்டது என்று காட்டும் தாள்களைச் சுவரில் மாட்டியிருப்பதாகவும், நான் கட்டாயம் வரவேண்டுமென்றும் அவள்தான் தொலைபேசியில் அழைத்தாள்.

“வாங்க வாத்தியாரய்யா! சிவப்புப் பேனாவ வாசல்லயே குடுத்துட்டு உள்ள வாங்க. படம் போடறவங்களுக்குப் பிழை மன்னிப்பு உண்டுன்னு ஒரு சட்டம் இருக்கு.”

“அப்படி ஒரு சட்டமும் கெடையாது, கொலெத்.”

“எனக்கு நீங்க அம்பதுக்குப் பதினெட்டு போட்டப்பவும் இதே முகந்தான் வெச்சிருந்தீங்க” என்று சிரித்துக்கொண்டே என் மேலங்கியை வாங்கி மாட்டினாள்.

முதற் சுவரில் இடங்கள் மட்டுமே இருந்தன. மனிதர் எவரும் இல்லை. எங்கள் ஊதுலை, எங்கள் குளிர்கோபுரம், சுரங்கக் கசடு குவிந்த மேடு, தொழிலாளர் வீட்டு வரிசையிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் செங்குத்தான படிக்கட்டு. ஒவ்வோர் இடமும் மூன்று முறை வரையப்பட்டிருந்தது: விடியலில் ஒன்று, புகையில் ஒன்று, பனிக்காலத்தில் ஒன்று. அக்கதையில் இவ்வூருக்குப் பெயரில்லை. அங்கே ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொருவருடைய பெயரையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வேறொருவர் பதிவு அலுவலர்முன் உரக்கச் சொல்லவேண்டும். சொல்வதற்கு ஆளில்லாதவரின் கதவில் ஒரு மஞ்சள் அறிவிப்பு ஒட்டப்படும். அதற்குப் பின்னும் ஓராண்டு ஒருவரும் வராவிட்டால் அவர் அகற்றப்படுவார். எங்கே கொண்டுபோகப்படுவார் என்பதைக் கதை சொல்வதில்லை. ஊதுலையை மட்டும் காட்டுகிறது.

இரண்டாம் சுவரில் மனிதர்கள் இருந்தார்கள். சாம்பல் நிற மேலங்கி அணிந்த ஒரு பெண் ஒரே வரிசையில் ஐந்து முறை நின்றாள்: நேராக, சற்றே திரும்பி, பக்கவாட்டில், முதுகு காட்டி, மறுபடி பக்கவாட்டில். வலக்கையில் தூரிகை, இடக்கையில் பசை வாளி. கீழே பென்சிலால் ‘ஒட்டுபவள்’ என்று எழுதியிருந்தது. மஞ்சள் அறிவிப்புகளை வீடு வீடாக ஒட்டிச் செல்பவள் அவள்தான். அவளது இடப்புருவத்தில் ஒரு சிறு இடைவெளி இருந்தது. நான்கு வயதில், எங்கள் சமையலறை அடுப்பின் விளிம்பில் மோதி, இரண்டு தையல் போட்ட இடம் அது.

“என்ன ஆச்சு? உக்காருங்க முதல்ல. தண்ணி கொண்டாரட்டா?”

“இத வரைஞ்சது யாரு?”

“பெராஞ்சேர் லாம்பியோத். சுரங்கத்துப் பழைய குளியல்கூடத்துலதான் அவங்க ஸ்டுடியோ. ஏன், பிடிக்கலயா?”

“அவ என் பொண்ணு.”

“பெராஞ்சேரா?” என்று திகைத்தாள் கொலெத். நான் சுவரைச் சுட்டிக் காட்டினேன். அதன்பிறகு அவள் சிரிக்கவில்லை.

செவிலியர் பயிற்சியில் இருந்தவள் என் மகள். 1987 மார்ச் மாதம், மூளைச்சவ்வுக் காய்ச்சலில், நான்கே நாளில் போய்விட்டாள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. பிறர் உடம்பைத் துடைப்பதற்கும் காயத்துக்குக் கட்டுப் போடுவதற்கும் கற்றுக்கொண்ட கையில், இவர்கள் பசை வாளியைக் கொடுத்து, ஏழைகளின் கதவில் மரண அறிவிப்பு ஒட்ட அனுப்பியிருக்கிறார்கள். கோபம் என்னை அன்றே குளியல்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்தக் கட்டடத்தை எங்கள் ஊரில் எல்லோரும் ‘தொங்குவோர் கூடம்’ என்போம். சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் உடைகளைக் கொக்கியில் மாட்டிச் சங்கிலியால் கூரைக்கு ஏற்றிவிட்டுக் கீழே இறங்குவார்கள். மாலையில் இறக்கப்படாத உடைக்கு என்ன பொருள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அச்சங்கிலிகள் இன்னும் இருக்கின்றன. நான் உள்ளே சென்றபோது, அவற்றில் ஏழெட்டு மேலங்கிகள் ஆளின்றித் தொங்கிக்கொண்டிருந்தன. தம் பாத்திரங்களுக்கான உடைகளைப் பழந்துணிக் கடையில் தேடி வாங்கி, அவை எப்படி மடிகின்றன, எங்கே நைகின்றன என்று பார்த்து வரைவது அந்த ஓவியரின் வழக்கம். வாசலுக்கு நேரே சாம்பல் நிற மேலங்கி ஒன்று தொங்கியது.

வண்ணம் தீட்டுபவர் யோரிஸ், பிரெஞ்சு தாய்மொழியல்லாத வடபகுதி ஃபிளெமிஷ்காரர். உயரமானவர், நாற்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் தூரிகையைக் கீழே வைத்தார்.

“ஊர அசிங்கமாக் காட்டிட்டோம்னு சண்டைக்கு வந்தீங்களா, இல்ல அழகாக் காட்டிட்டோம்னா? நேத்து ஒரு பெரியவர் வந்து, என் வீட்டு ஜன்னல் திரையில இருந்த வாத்த ஏன் விட்டீங்கன்னு ஒரு மணி நேரம் கத்துனாரு.”

“நான் மதாம் லாம்பியோத்தப் பாக்க வந்தேன்.”

“பெராஞ்சேர்! உனக்கு ஒரு வாத்தியார் வந்திருக்காரு. ஐயா, நான் ஃபிளெமிஷ்காரன், என் பிரெஞ்ச மட்டும் திருத்திடாதீங்க, அப்புறம் எதுவுமே மிஞ்சாது.”

பெராஞ்சேர் லாம்பியோத்துக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருந்தார். விரல் நகங்களில் மை உறைந்திருந்தது. நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் என்னை மறுக்கவில்லை. ஓர் அட்டைக் கோப்பை எடுத்து வந்து என் முன் வைத்து, எதிரே அமர்ந்தார்.

“என் வழக்கத்தச் சொல்லிடறேன், ஐயா. அப்புறம் திட்டுங்க. உயிரோட இருக்கறவங்க முகத்த எடுத்தா வழக்கு போடுவாங்க. செத்தவங்க முகத்த எடுத்தா வீட்டுக்காரங்க மனசு நோகும். அதனால யாருமே இல்லாதவங்க முகத்த மட்டுந்தான் எடுப்பேன். யாருக்கு ஆளில்லன்னு நகராட்சியே நோட்டீஸ் ஒட்டிச் சொல்லிடுதே.”

கோப்பில் ஒரு புகைப்படம் இருந்தது. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம். என் மகளின் கல். அதில் பதித்த பீங்கான் வில்லையில் அவள் முகம். வில்லைக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மஞ்சள் தாள். முப்பதாண்டு உரிமை முடிந்தும் புதுப்பிக்கப்படாத கல்லறை இது. உறவினர் எவரேனும் இருந்தால் ஓராண்டுக்குள் நகராட்சியை அணுகவும். தவறினால் கல் அகற்றப்படும். எங்கள் ஊர்க் கல்லறைகளில் இப்படிப்பட்ட தாளை எவரும் பார்த்திருக்கலாம். அவரது கதையின் சட்டம் எங்கிருந்து வந்ததென்று அப்போது விளங்கியது.

“இது நகராட்சி செஞ்ச தப்பு. கடிதத்த என் பழைய வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. அவளுக்கு நான் இருக்கேன்.”

“இருக்கீங்க. கண்ணால பாக்கறேனே. கடைசியா எப்ப அங்க போனீங்க?”

“போன வருஷம். அனைத்துப் புனிதர் திருநாளன்னைக்கு, எல்லாரும் கல்லறைக்குப் பூ கொண்டு போற அன்னைக்கு.”

பெராஞ்சேர் கையிலிருந்த பென்சிலை மேசையில் வைத்தார்.

“ஐயா, அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன். கேட்டு தொறந்ததுலேந்து சாத்தற வரைக்கும், மடக்கு நாற்காலி போட்டுக்கிட்டு. நோட்டீஸ் ஒட்டின எந்தக் கல்லுக்காவது யாராச்சும் செவ்வந்திப் பூ கொண்டு வராங்களான்னு பாத்துக்கிட்டு. வந்துட்டா அந்த முகத்த என் பட்டியல்லேருந்து அடிச்சிடுவேன். ரெண்டு கல்லுக்கு வந்தாங்க. ரெண்டையும் அடிச்சிட்டேன்.”

யோரிஸ் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமின்றி நகர்ந்தார்.

வாசகர்களிடம் பொய் சொல்ல மாட்டேன். கல்லறைக்குப் போவது என் மனைவி தெனீஸின் பழக்கமாக இருந்தது. அவள் 2012இல் இறந்தபோது, அவளுடைய சாம்பல் அதே தோட்டத்தின் புல்வெளியில் தூவப்பட்டது. அன்று போனதுதான். கல்லுக்கு முன் நிற்பதில் எனக்கு நம்பிக்கையில்லை என்று பிறரிடம் சொல்லிவந்தேன். உண்மையில், அங்கே நின்றால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆறு ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

“பாசி மூடிக் கெடந்துச்சு. பல் துலக்கற பிரஷ்ஷ வெச்சுத்தான் முகத்தையே கண்டுபிடிச்சேன்” என்றார் பெராஞ்சேர். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

ஆனாலும் நான் கேட்க வந்ததைக் கேட்டேன். முகத்தை எடுத்துவிடவேண்டும். முதற் பாகம் அச்சாகி நாலாயிரம் படிகள் கடைகளுக்குப் போய்விட்டன. அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை என்றார். இரண்டாம் பாகம் பென்சில் நிலையில் இருந்தது.

“அதுல மாத்தறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு அவங்களத் தெரியாது. வில்லையில பாத்தத வெச்சு மீதிய நானே கட்டுனேன். நெஜமா அவங்க எப்படி இருந்தாங்கன்னு நீங்க சொன்னீங்கன்னா, அவங்கள மாதிரி இல்லாம எப்படி வரையறதுன்னு எனக்குத் தெரியும்.”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. உருவத்தாள்களை ஒளிப்பலகைமேல் பரப்பினார். இடத்தை முதலில் வரைவதாகவும், அந்த இடம் ஓர் உடம்பை என்ன செய்யும் என்று பார்த்துத்தான் ஆளை வரைவதாகவும் விளக்கினார். படிக்கட்டில் நாள்தோறும் ஏறி இறங்குவதால் காலணியின் குதிகால் உட்பக்கம் தேய்ந்திருந்தது. வாளியைத் தூக்கித் தூக்கி இடத்தோள் இறங்கியிருந்தது. பசையின் சுண்ணாம்பால் விரல்நுனிகள் வெடித்திருந்தன. இருபத்து மூன்று வயதில் வேலைக்குச் சேர்கிறாள். ஐம்பத்தைந்தில் கதை முடிகிறது. ஆகவே முப்பதில் ஒரு தாள், நாற்பதில் ஒரு தாள், ஐம்பத்தைந்தில் ஒரு தாள். என் மகள் முதுமையடைவதை நான் வரிசையாகப் பார்த்தேன்.

“காது இன்னும் கொஞ்சம் கீழ இருக்கும்” என்றேன். “தல வகிடு இந்தப் பக்கம் இல்ல.”

“சரி. மூக்கு?”

“நேரா பாத்தா சரியாத்தான் இருக்கு.”

“நேரா பாக்கறது எனக்குப் பெருசா வேணாம் ஐயா. அவ எப்பவும் கதவப் பாத்துத்தான் நிக்கறா. நூத்தியிருவது பக்கத்துல முழு முகம் மூணே எடத்துலதான். மத்த எல்லாமே இடப்பக்கத்து முகம். வில்லையில அது கெடையாது. அதனால இது முழுக்க என் கற்பன. இதுதான் எனக்குத் தெரியணும். நெத்தியிலேந்து மூக்கு எப்படி எறங்கும்? பள்ளமா, நேராவா? தாடை?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சமையலறை மேசை தெரிந்தது. சன்னலோரம் அவள் அமர்ந்து ரொட்டியில் பேரிக்காய்ப் பாகு தடவுவது தெரிந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் அவளுக்கு இடப்பக்கத்தில் அமர்ந்து உண்டவன் நான். அவள் திரும்பினாள். தெரிந்தது ஒளிப்பலகையில் பெராஞ்சேர் கற்பனையாக வரைந்திருந்த அதே கோடு; என் மகளுடையது வரவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பெட்டிகளைக் கொட்டினேன். பதினொரு புகைப்படங்கள் இருந்தன. ஒன்பது, சிறுமியாக இருந்தபோது எடுத்தவை. பெரியவளான பின் எடுத்தவை இரண்டே. இரண்டும் அடையாள அட்டைக்காக நேராகப் பார்த்து எடுக்கப்பட்டவை. எங்கள் காலத்தில் படம் எடுப்பவர் ‘இங்கே பார்’ என்று சொல்வார். எல்லோரும் அங்கே பார்ப்போம். பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

அன்று முதல் அவள் ஊருக்குள் நடமாடத் தொடங்கினாள். பட்டப்பகலில்தான். ரொட்டிக் கடையின் கதவடியில், முதுகை எனக்குக் காட்டாமல், முகத்தின் இடப்பக்கத்தை மட்டும் காட்டியபடி நிற்பாள். நான் நெருங்கும்போது அங்கே விலை குறைப்பு அறிவிப்பு ஒன்று புதிதாக ஒட்டப்பட்டிருக்கும். மூடுபனி நாள்களில், படிக்கட்டில் எனக்கு ஐந்தாறு படிகள் கீழே, வாளியின் கைப்பிடி கிறீச்சிடுவது கேட்கும். என் குடியிருப்பின் முகப்பில் மாவுப் பசையின் புளித்த வாசனை வீசும். ஒருநாளும் அவள் என்னை நேராகப் பார்த்ததில்லை. வாரத்துக்கு வாரம் அவளுக்கு வயது கூடிக்கொண்டே போனது.

நகராட்சியில் கல்லறை உரிமையை மறுநாளே புதுப்பித்துவிட்டேன். படிவத்தை நிரப்பியதோடு சரி, தோட்டத்துக்குள் போகவில்லை. ஆனால் புதன்கிழமைதோறும் தொங்குவோர் கூடத்துக்குப் போனேன். திருத்தப் போவதாகச் சொல்லிக்கொண்டேன். பெராஞ்சேர் புதிய முகத்துக்கான தாள்களைத் தொடங்கும் முன், பழையதில் எது அவளுடையது, எது கற்பனை என்று பிரித்துத் தரவேண்டியது என் பொறுப்பு அல்லவா? சிவப்புப் பென்சிலால் குறித்தேன். நடக்கும்போது இடக்கையை வீசமாட்டாள் என்றேன். குளிரில் காலர் முனையைப் பல்லால் கடிப்பாள் என்றேன். பெராஞ்சேர் எழுதிக்கொண்டார். காலையில் காப்பி குடிக்கும் முன் ‘கிலேன் வோத்தியே’ என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எனக்கு எப்போது வந்ததென்று தெரியவில்லை. கேட்பதற்கு வீட்டில் எவரும் இல்லை. இல்லாத ஒரு நகரத்தின் சட்டத்துக்கு நான் கட்டுப்பட்டு நடந்துகொண்டிருந்தேன்.

“வாத்தியாரய்யா நம்மகிட்ட வேலைக்கே சேந்துட்டாரு” என்று யோரிஸ் கேலி செய்தார். “அடுத்த பாகத்துல பேரு போட்டுடலாமா? ‘எழுத்து, ஓவியம், வண்ணம், கண்டிப்பு’ன்னு?”

“வாய மூடிக்கிட்டு அந்த மஞ்சளக் கலக்குய்யா” என்றார் பெராஞ்சேர்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு புதன்கிழமை. நாற்பது வயதுத் தாள் ஒளிப்பலகையில் இருந்தது. நான் பென்சிலால் தலைமுடியைச் சுட்டினேன்.

“இது தப்பு. நாப்பது வயசுல அவ முடியக் குட்டையா வெட்டிக்கிட்டா. எனக்கு அது பிடிக்கல. ரெண்டு நாள் பேசாம இருந்தேன்.”

யோரிஸின் தூரிகை கிண்ணத்தின் விளிம்பில் அப்படியே நின்றது. மேலே சங்கிலி ஒன்று காற்றில் அசைந்து ஓய்ந்தது.

“ஐயா” என்றார் பெராஞ்சேர் மெதுவாக. “நாப்பது வயசுலயா?”

அந்த இரண்டு நாள் மௌனம் எனக்குத் தெளிவாக நினைவிருந்தது. எந்த அறையில், எந்த நாற்காலியில் என்பதுகூட நினைவிருந்தது. அது நடக்கவேயில்லை. நான் அவர்களுக்குச் சொன்னவற்றில் எத்தனை நடந்தவை? காலரைக் கடித்தது என் மகளா, முதற் பாகத்தின் அறுபதாம் பக்கத்தில் நிற்கும் பெண்ணா? சிவப்புப் பென்சிலை மேசையில் வைத்தேன்.

“எடுத்துடுங்க. எல்லாத்தையும். இன்னைக்கே.”

“எடுத்துடறேன்.”

“வேற யார் முகத்தப் போடுவீங்க?”

“என் முகத்தத்தான். வேற யார் முகத்துக்கு எனக்கு உரிமை இருக்கு?” என்றார். சொன்னபடியே செய்தார். இரண்டாம் பாகத்தில் ஒட்டுபவளுக்குப் பெராஞ்சேரின் முகம். முகம் மாறியதற்குக் கதையில் காரணம் எதுவும் தரப்படவில்லை. அதைக் கண்டித்து வாசகர்கள் சிலர் பதிப்பகத்துக்கு எழுதியதாகவும் கேள்விப்பட்டேன். என் மகளின் பதினான்கு தாள்களையும் அன்றே கட்டி என் கையில் கொடுத்தார். பிரதி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை என்றார். நம்புகிறேன். அவர் நேர்மையானவர், என் முறையீட்டை அது எளிதாக்கவில்லை.

கூடத்தின் பின்முற்றத்தில், தகர வாளி ஒன்றில், பதினான்கையும் எரித்தோம். யோரிஸ் துணைக்கு நின்றார். கெட்டியான தாள், மெதுவாகத்தான் எரிந்தது. ஐம்பத்தைந்து வயதுத் தாள் சுருண்டபோது, அவள் தலையைத் திருப்புவதுபோல் இருந்தது.

“பாக்காதீங்கய்யா” என்று என் தோளைப் பிடித்தார் யோரிஸ். அதன் பின் அவர் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை.

எரித்ததால் பயன் இருந்ததா என்று கேட்பீர்கள். மறுநாள் காலை, படிக்கட்டின் நடுவே, முன்னெப்போதையும்விடத் தெளிவாக அவள் நின்றாள். காதோரம் நரைத்திருந்த முடியை என்னால் எண்ண முடிந்தது. எரித்தது தாளை மட்டும்.

கடைசியில், செல்லவேண்டிய இடத்துக்குச் சென்றேன். ஏப்ரல் மாதம், செவ்வந்தி கிடைக்காத பருவம். வெறுங்கையோடு போனேன். மஞ்சள் தாள் அகற்றப்பட்டு, அதன் பசைத் தடம் மட்டும் கல்லில் செவ்வகமாக இருந்தது. பாசி இல்லை. பீங்கான் வில்லை சுத்தமாக இருந்தது. ஒரு கையைக் கல்லில் ஊன்றிக் குனிந்தேன். எனக்காக முப்பதாண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்த அந்த முகத்தை, அவள் பெயர் சொல்லி அழைக்கும் எண்ணத்தோடு பார்த்தேன்.

யாரோ ஓர் இளம்பெண். நல்ல முகம். எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. என் மகளைவிட இவளுக்கு முப்பத்திரண்டு வயது குறைவு.

அவள் பெயரை நான் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னால் அது பொய்யாகிவிடும் என்று தோன்றியது. வெளியே வரும்போது, வாயிற்கதவின் அருகே, அறிவிப்புப் பலகையை நோக்கி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைக் கடந்து, தலையைத் திருப்பாமல் நடந்தேன்.

நகராட்சி தன் கோப்பை மூடிவிட்டது. பதிப்பகம் வருத்தம் தெரிவித்துவிட்டது. பெராஞ்சேர் தம்மால் இயன்றதைச் செய்துவிட்டார். என் குற்றத்தை நான் மேலே எழுதிவிட்டேன். அதை எவரும் எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் என் மகளுக்கு ஓர் இடப்பக்க முகம் இருந்தது. அதை எவரும் கற்பனை செய்யவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் அது இவ்வூரின் வெளிச்சத்தில் நடமாடியது. உங்களில் பலர் அதைப் பார்த்திருக்கிறீர்கள்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன், கெஞ்சவில்லை, கேட்கிறேன். 1982க்கும் 1987க்கும் இடையில் லியேழ் நகரச் செவிலியர் பள்ளியில் அவளுக்கு இடப்பக்க இருக்கையில் அமர்ந்திருந்தீர்களா? காலை ஆறரை மணிப் பேருந்தில் இடப்பக்கச் சன்னலோரம் நீங்களும், நடைபாதையோரம் அவளுமாகப் பயணம் செய்தீர்களா? நீங்கள் நோயாளியாகப் படுத்திருந்தபோது, உங்களுக்கு இடப்புறம் நின்று, தலைமாட்டில் தொங்கிய சொட்டு மருந்துப் புட்டியை நிமிர்ந்து பார்த்த பயிற்சிச் செவிலி அவளா? அப்படியானால் உட்காருங்கள். சித்திர நாவலின் முதற் பாகம் உங்கள் வீட்டில் இருந்தால் அதைத் திறக்காதீர்கள். முன்பே திறந்தவர்கள் எனக்கு எழுத வேண்டாம். படம் வரைந்து அனுப்பாதீர்கள். நெற்றியிலிருந்து மூக்கு எப்படி இறங்கியது, உதடு எங்கே தொடங்கியது, தாடை எப்படி முடிந்தது என்பதை முழு வாக்கியங்களில் எழுதுங்கள். நினைவில்லாததை நினைவிருப்பதாக எழுதாதீர்கள். வோ-லெ-ஃபூர் நூலகத்தில், கொலெத் பியெராரின் பொறுப்பில், என் பெயருக்கு அனுப்புங்கள். எனக்கு எண்பத்து நான்கு வயது. இந்த வாரமே எழுதுங்கள்.